இலையுதிர்கால ஓவியமும் ‘பழுப்பு’ என்னும் சொல்லும்

எகோன் ஷீலேயின் ‘நான்கு மரங்கள்’ (1917) கதிரவன் மறையும் வேளையில் நிற்கும் செஸ்ட்நட் மரங்களைக் காட்டுகிறது. மூன்றில் செம்பழுப்பு இலைகள் எஞ்சியுள்ளன. ஒன்று ஏறத்தாழ வெறுங்கிளையாய் நிற்கிறது.

இத்தகைய ஓவியங்களைத் தமிழில் விளக்குவோர் மண்சார் நிறங்கள் அனைத்தையும் பலவேளைகளில் ‘பழுப்பு’ என்றே குறிக்கின்றனர். பழுத்தலோடு தொடர்புடைய இச்சொல் முதிர்ந்த இலைக்கு நன்கு பொருந்தும். அடிமரத்துக்கும் மண்ணுக்கும் அதையே வழங்கினால், உதிரும் இலைக்கும் அதனை ஏற்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது.

வண்ணப்பொருள்களின் பெயர்களிலும் இக்குறை உண்டு. மஞ்சட்பழுப்பான சியன்னா மண்ணைச் சுடும்போது அதிலுள்ள இரும்புச் சேர்மம் நீரை இழந்து செந்நிறம் பெறுகிறது. ஆகவே அவ்விரண்டையும் ‘வெளிர்பழுப்பு’, ‘அடர்பழுப்பு’ எனல் பிழை. ‘சுடாத சியன்னா’, ‘சுட்ட சியன்னா’ என்பனவே செய்முறையை உணர்த்தும். செம்மண் வண்ணத்திற்குக் ‘காவி’ என்னும் சொல் நம் வழக்கிலேயே உள்ளது.

கூதிர் குளிர்ந்த மழைக்காலம் என்பதனால் ஐரோப்பியப் பருவத்திற்கு ‘இலையுதிர்காலம்’ என்னும் பெயரைக் கொண்டோம். பருவப்பெயரில் காட்டிய அக்கவனம் நிறப்பெயர்களுக்கும் வேண்டும்.