தேய்ந்த விளிம்பு

அலங்காரத்தை எங்கே தொடங்குவது என்பதை அறிந்த கைவினைஞர் பலர் உண்டு. அதை எங்கே நிறுத்துவது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவரை, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே சுவேதா நதி பாயும் தம்மம்பட்டியில், எங்கள் வீட்டுக் கல்லாப்பெட்டி ஒன்றின் நிமித்தமாக அறியும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெல்ல மண்டி வைத்திருந்த எங்கள் அப்புச்சியின் பெட்டி அது. இரண்டு முழ நீளம், நல்ல தேக்கு. சாய்ந்த மூடியின்மேல் பேரேட்டை விரித்து எழுதலாம். மூடியைத் தூக்கினாலோ, காலணா, அரையணா, ஓரணா என்று வகைவகையாகப் போட்டு வைக்க, அடிப்புறம் கிண்ணம்போல் குடைந்த குழிகள் தென்படும். விரலால் வழித்தால் காசு தானே மேலேறி வரும். 1957-இல் நயா பைசா வந்து அணாக் கணக்கு மறைந்த பின்னும், குழிகளுக்கு வீட்டில் அந்தப் பழைய பெயர்களே வழங்கின. மூலைகளில் ஓர் ஆணிகூடக் கிடையாது. இரு கைவிரல்களைக் கோத்தாற்போல், பலகையோடு பலகை பல்லாய்ப் பொருந்தி நின்றது.

தாரமங்கலத்துத் தூண்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, விரற்கடை இடமும் விடாமல் செதுக்குவதே சிற்பம் என்ற எண்ணம் இருந்தது. ஆகையால், பெட்டியைக் குட்டை மேசையாக்கி, நாற்புறமும் யாளியும் கொடியுமாக நிரப்பித் தரவேண்டும் என்று கேட்டேன். தெய்வத் திருவுருவங்களும், கோயில் வாகனங்களும், நிலைக்கதவுகளும் செய்து புவிசார் குறியீடும் பெற்ற ஊர் அல்லவா! ஆனால் அந்த ஆசாரியார் உளியைத் தொடவில்லை. பெட்டியைக் கவிழ்த்தார், முட்டியால் தட்டிக் கேட்டார், உள்ளே முகர்ந்தும் பார்த்தார். பிறகு, "அறுபது எழுபது வருசம் காஞ்ச தேக்குங்க. இதுல நுணுக்கமா உளி வெச்சா சில்லுச் சில்லாத் தெறிக்கும். இத இப்படியே உட்ருவோமுங்க" என்றார்.

அவர் செய்தது வேறு. செதுக்க இணக்கமான தூங்குமூஞ்சி வாகையில் தனிப்பலகை ஒன்றை எடுத்து, நிழலில் உலர்த்தி, அதில் மட்டுமே சித்திரத்தை ஏற்றினார். இரண்டு அன்னங்கள், அவற்றின் அலகிலிருந்து புறப்பட்டுச் சுழன்று சுழன்று ஓடும் கொடிக்கருக்கு. முதலில் நிலம் தாழ்ந்தது. அப்புறம் நகவுளி கொட்டாப்புளியின் மெல்லிய தட்டுக்கு இசைந்து வளைவுகளைத் திறந்தது. ஓர் இலை மடியும் இடத்தை அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தேன்: இலையின் முதுகில் அவர் கை அதிகம் செல்லவேயில்லை, அதன் அடியிலேயே குடைந்துகொண்டிருந்தார். அங்கே நிழல் சேரச் சேர, இலை தானாகவே பலகையைவிட்டு எழுந்து நின்றது.

முடிந்த பலகையைப் பெட்டியின் முகப்பில் அடித்த சட்டத்துக்குள், பசையில்லாமல், காடியில் செருகி அமர்த்தினார். மழைக்காலத்தில் பூரிப்பதும் கோடையில் சுருங்குவதும் மரத்தின் சுபாவம். பசையிட்டு இறுக்கினால் ஒருநாள் வெடிக்கும், காடிக்குள் தளர்ந்திருந்தால் இஷ்டம்போல் அசைந்து கொடுக்கும் என்பது இந்தத் தொழிலின் பால பாடம். கீழே கடைசல் பிடித்த நான்கு கால்கள். சாய்ந்த மூடியின்மேல் சமமாக ஒரு பலகை, வேண்டும்போது எடுத்துவிடலாம். பிறகு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொதியில் தோய்த்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றினார்.

மூடியின் வலது விளிம்பு மாத்திரம், கணக்கெழுதிய மணிக்கட்டு உராய்ந்து உராய்ந்து, பிறைபோல் தேய்ந்திருந்தது. அதை மட்டம் பார்த்து இழைத்துவிடலாமே என்றேன். இழைப்புளியைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, "அதும் ஒரு வேலப்பாடுதானுங்களே, நாஞ் செஞ்சதில்ல, அவ்வளவுதான்" என்றார் அவர். யாளி கேட்ட என் வாய் அதற்குமேல் எழவில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் அன்னங்களைத்தான் முதலில் புகழ்கிறார்கள். சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், அவர்கள் கையும் அறியாமலே அந்தத் தேய்ந்த இடத்தில்போய்த் தங்குகிறது. பெட்டியின் உட்புறத்துக்கு ஆசாரியார் அரக்குப் பூசவில்லை. ஐப்பசி மழையில் மூடியைத் திறந்தால், மண்டியின் வெல்ல வாசனை இலேசாக எழுகிறது. இரண்டோர் எறும்புகள் அணாக் குழிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகின்றன.