இடது காலின் ஞாபகம்

கதைகளையும் நாவல்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டானே என்று வாசகர்கள் நினைக்கலாம். எனக்கு அந்த யந்திரத்தைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்களின் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்டதில் என் தொழிலுக்குச் சம்பந்தமான விஷயம் ஒன்று அகப்பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி பம்பாயில் ஜாவா மோட்டார் சைக்கிளை மறுபடியும் அறிமுகம் செய்துவைத்தார்கள். ஜாவா என்ற பெயருக்கு நம் தேசத்தில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் யானெச்செக் என்ற என்ஜினீயர் 1929-இல் ஆரம்பித்த கம்பெனி அது. தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களையும், வாண்டரர் என்ற ஜெர்மன் வண்டியின் பெயரில் முதல் இரண்டு எழுத்துக்களையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். 1960-களின் தொடக்கத்திலிருந்து மைசூரில் ஐடியல் ஜாவா என்ற பெயரில் இந்த வண்டிகளைச் செய்தார்கள். பிறகு வண்டிக்கு யெஸ்டி என்று பெயர் மாறிற்று. 1996-இல் தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டது.

இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு, மஹீந்திரா கம்பெனியார் பெரும்பங்கு வைத்திருக்கும் ஒரு புது ஸ்தாபனம் அதே பெயரில், அதே சாயலில் வண்டியைக் கொண்டுவந்தது. அதே கருஞ்சிவப்பு வர்ணம். டாங்கின் இரு பக்கமும் பளபளக்கும் குரோமியம். பின்னால் இரண்டு சைலன்சர். டில்லி ஷோரூமில் விலை ரூ. 1,64,000 என்று அறிவித்தார்கள்.

அந்தப் படங்களைக் கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக்கின் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பார்த்தேன். என்னை அங்கே அழைத்துப்போனவர் என் சித்தப்பா. 1976-இல் ஒரு பழைய ஜாவாவை வாங்கி, இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். சிறு பையனாக இருந்தபோது அந்த வண்டியின் டாங்கின்மேல் உட்கார்ந்துதான் நான் ஊர் பார்த்தேன். மைசூர் தொழிற்சாலை மூடியபின் சாமான் கிடைக்காமல் வண்டியை விற்றுவிட்டார். விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை என்று சித்தி இன்றும் சொல்வாள்.

பட்டறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் கையிலிருந்த போனை மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர்களில் மூன்று ஜாதி ரசிகர்கள் இருப்பதைக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

முதல் ஜாதி, பழைய வண்டியை வைத்திருந்தவர்கள். இவர்களுக்குப் புது வண்டியில் எது இல்லை என்பதுதான் கண்ணில் படும். "புகை இல்லே, ஆயில் வாசனை இல்லே, அந்தச் சத்தம் இல்லே. இது என்ன ஜாவா?" என்றார் ஒருவர். பழைய ஜாவா டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும். அது எரிகிற வாசனையும், இரண்டு சைலன்சரிலிருந்தும் வருகிற சத்தமும் அதற்கே உரியவை. புது வண்டியோ ஃபோர்-ஸ்ட்ரோக், 293 சி.சி.; 27 குதிரைசக்தி. பழைய 250-க்கு அதில் பாதிகூடக் கிடையாது.

இரண்டாம் ஜாதி, இருபது இருபத்தைந்து வயதுப் பையன்கள். இவர்கள் பழைய ஜாவாவை ஓட்டியதே இல்லை. அதனால் குறையும் இல்லை. உருவம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். "அங்கிள், முன்னாடி டிஸ்க் பிரேக், ஏ.பி.எஸ். எல்லாம் இருக்கு, அப்புறம் என்ன?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது மாதிரி வண்டிகளுக்கு 2018 ஏப்ரலிலிருந்து சர்க்கார் ஏ.பி.எஸ். பிரேக்கைக் கட்டாயமாக்கிவிட்டது. புகையைப் பற்றிய சட்டமும் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டே வந்தது. பழைய ஜாவாவை அப்படியே செய்து தெருவில் விட யாருக்கும் அநுமதி கிடைக்காது.

மூன்றாம் ஜாதியில் ஒரே ஒருவர், மெக்கானிக். அவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி எஞ்சினை மட்டும் பார்த்தார். "ரேடியேட்டரை முன்னாடி ஒளிச்சு வச்சிருக்கான் பாருங்க. சூட்டைத் தணிக்கிற வேலையைத் தண்ணி பார்த்துக்குது. அப்புறம் சிலிண்டரைச் சுத்தி ஃபின்ஸ் எதுக்கு? அலங்காரத்துக்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா வேலை சுத்தமா இருக்கு" என்றும் சொன்னார்.

அன்றைக்குக் கேட்ட பேச்சிலே விமர்சனம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். முதல் ஜாதியார் தங்கள் வாலிபத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் ஜாதியார் தங்கள் ஆசையைப் பற்றிப் பேசினார்கள். மெக்கானிக்தான் எதிரே இருக்கிற பொருளைப் பற்றிப் பேசினார். எது வேலை செய்கிறது, எது வேலை செய்வதுபோல் நடிக்கிறது என்று பிரித்துக் காட்டினார்.

இந்த நடிப்பு ஜாவாவில் மட்டும் இல்லை. இங்கிலாந்தின் டிரயம்ப் கம்பெனி தன் பானவில் வண்டிக்கு 2008-ஐ ஒட்டி எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் செலுத்தும் கருவியைப் பொருத்தியபோது, அதற்குப் பழைய கார்புரேட்டரைப் போலவே உறை செய்து மூடிற்று. 1959-ஆம் வருஷத்து பானவிலை நேசிப்பவர்களின் கண் புண்படக்கூடாதாம்! ராயல் என்ஃபீல்டுக்காரர்கள் 2017 நவம்பரில் மிலான் நகரத்துக் கண்காட்சியில் இன்டர்செப்டர் என்ற 648 சி.சி. வண்டியைக் காட்டினார்கள். 1960-களில் இங்கிலாந்தில் செய்த வண்டியின் பெயர் அது, அந்தச் சாயலும்தான். ஆனால் அதில் உள்ள உலோக மடிப்புகளின்மேல் காற்றுப் பட்டால் எஞ்சின் உண்மையாகவே குளிர்கிறது. உதவிக்கு எண்ணெயும் இருக்கிறது. உருவத்துக்கும் வேலைக்கும் அங்கே அத்தனை தூரம் இல்லை. என்ஃபீல்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு: திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய வேலை இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் மூடிய பிறகும் நிற்கவில்லை. ஜாவாவுக்கு நடுவே இருபத்திரண்டு வருஷம் அறுந்துபோயிற்று. அறுந்ததை ஒட்டவைக்கும்போது ஒட்டு தெரியாமல் இருக்கப் பூச்சு அதிகம் வேண்டியிருக்கிறது.

பழமையை வணங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1946-இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவா காட்டிய பெராக் என்ற வண்டி பழைய வண்டி அல்ல. ஜெர்மானியர் தேசத்தைப் பிடித்துவைத்திருந்த காலத்தில், அவர்கள் கண்ணில் படாமல் வரைந்து, பரீட்சித்து, யுத்தம் முடிந்தவுடன் வெளியே கொண்டுவந்த புத்தம் புதிய வண்டி அது. அதைச் செய்தவர்கள் எந்தக் காலத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று நாம் அவர்கள் வரைந்த கோட்டை எடுத்துக்கொள்கிறோம். அந்தத் துணிச்சலை விட்டுவிடுகிறோம்.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிற எனக்கு யோக்கியதை இருக்கிறதா? வீட்டுக்குத் திரும்பி வந்ததும் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. 1950-களின் காவேரிக்கரைக் கிராமத்தை வைத்து நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். நான் பிறப்பதற்கு முப்பது வருஷம் முந்திய காலம் அது. அந்தக் காலத்தின் வாசனை அப்படியே வருகிறது என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது அதை எடுத்து, மெக்கானிக் எஞ்சினைப் பார்த்த மாதிரி பார்த்தேன். அதில் ஒரு ரங்கூன் பெட்டி வருகிறது. மூன்று அத்தியாயங்களில் வருகிறது. யாரும் அதைத் திறப்பதில்லை. உள்ளே என்ன என்று எனக்கே தெரியாது. அது குளிர்விக்காத ஃபின்! கதாநாயகி புருஷன் வீட்டை விட்டுக் கிளம்புகிறாளே, அந்த முடிவை இன்றைய மனத்தோடு எடுக்கிறாள். அதில் எனக்கு வெட்கம் இல்லை. இன்றைக்கு எழுதுகிறவன் இன்றைய எஞ்சினைத்தான் வைக்கமுடியும். அதை மறைக்க அவள் கையில் ஒரு குத்துவிளக்கைக் கொடுத்துவிட்டேன் பாருங்கள், அதுதான் குற்றம்.

மறு வருஷம் சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். எழுபது வயதுக்கு மோட்டார் சைக்கிளா என்று வீட்டில் ஆட்சேபம். முன்பணம் சட்டைப்பையில் இருந்தது. என் அபிப்பிராயத்தைக் கேட்டார். "நீதான் எல்லாத்தையும் பத்தி எழுதறியே, சொல்லு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பழைய ஜாவாவில் கியர் லீவரே கிக்கரும். இடது காலால் அதை உள்ளே அழுத்திப் பின்னுக்குத் திருப்பினால் நிமிர்ந்து கிக்கர் ஆகிவிடும். புது வண்டியில் கிக்கரே இல்லை; பொத்தானை அழுத்தினால் போதும். சித்தப்பாவுக்கு அது தெரியும். ஆனால் அவர் காலுக்குத் தெரியவில்லை. இடது கால் லீவரை உள்ளே அழுத்திற்று. அது மசியவில்லை. இன்னொரு தரம் அழுத்திற்று. கடைப்பையன் சிரிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். சித்தப்பா பொத்தானை அழுத்தினார். எஞ்சின் உடனே பேசிற்று. ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நிறுத்தினார்.

"நல்ல வண்டிடா. சின்னப் பசங்களுக்கு ரொம்ப நன்னா இருக்கும்" என்று சொல்லி இறங்கினார். முன்பணம் பையிலேயே திரும்பிற்று.

அவர் சொன்னதைவிட நல்ல விமர்சனத்தை நான் எழுதியிருக்க முடியாது. வண்டியைத் திட்டவில்லை, தம் ஞாபகத்தை அதன்மேல் ஏற்றவும் இல்லை. புது ஜாவா ஓடுவதற்கும் நிற்பதற்கும் பழையதைவிட எத்தனையோ மேல். அதை வாங்குகிற பையன்கள் இன்னும் முப்பது வருஷத்தில் அதன் ஞாபகமாகவே பேசுவார்கள். அப்போது அது அவர்களுடைய வண்டியாக இருக்கும். கண்ணை ஏமாற்றிவிடலாம். இருபது வருஷம் உதைத்த காலை ஏமாற்ற முடியாது.

அந்த நாவலின் அடுத்த பதிப்பில் ரங்கூன் பெட்டியை எடுத்துவிடப்போகிறேன். அல்லது யாரையாவது விட்டு அதைத் திறக்கச் சொல்லப்போகிறேன்.