இயந்திரம் வாங்கிய பிறகு

புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மக்களிடம் நிதி திரட்டும் வழக்கம் இலங்கையில் பெரிய காரியங்களைச் சாதித்திருக்கிறது. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தவர்கள் சேர்த்த பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையானது. வெள்ளவத்தை லொட்ஜில் தங்கி மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பஸ் ஏறும் வடபகுதி நோயாளியின் அலைச்சலை அது குறைத்தது. போர் முடிந்து இரண்டே ஆண்டில் தெற்கில் தொடங்கி வடக்கில் முடிந்த அந்த நடைக்கு மருத்துவத்தைத் தாண்டிய பெறுமதியும் உண்டு. 2016இல் மஹரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் வேண்டுகோள் விடுத்தபோது 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் எல்லா இனத்தவரும்தான்.

ஆனால், இயந்திரத்தை ஒருமுறை வாங்கினால் போதும். சிகிச்சை தினமும் நடக்கவேண்டும். பெட் ஸ்கேனுக்கு முன் கதிரியக்க ஃபுளோரின் சேர்ந்த ஒருவகைச் சர்க்கரையை நோயாளிக்கு ஊசியில் ஏற்றுவார்கள். அதன் கதிரியக்கம் ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். வாங்கி அலுமாரியில் அடுக்கிவைக்க முடியாது. ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தாக வேண்டும். அதற்கும் பராமரிப்புக்கும் இயந்திரத்தை இயக்குபவரின் சம்பளத்துக்கும் யார் நடைபயணம் போவார்கள்? கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே நன்கொடை ஓடிவருகிறது. முற்றிய நோயின் வலியைத் தணிக்கும் மோர்பின் மாத்திரை மலிவானது, ஆனால் அதன்மேல் கொடையாளியின் பெயரைப் பொறிக்க முடியாது. மருந்தின் பக்கவிளைவுகளைக் கொட்டாஞ்சேனைத் தாய்க்குத் தமிழில் விளக்கும் ஊழியருக்கும் யாரும் உண்டியல் ஏந்துவதில்லை. தமிழ் அரசகரும மொழியானது 1987இல். அந்த ஊழியரை நியமிப்பது தர்மம் அல்ல, அரசின் கடமை.

அரசு அசையும்வரை நோயாளி காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, அதனால்தான் நிதி திரட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கஜானா காலி என்பது அடுத்த வாதம். 2022இல் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்ததும் உண்மை. ஆனால், அந்த நெருக்கடியே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது: கையிருப்பில் மருந்து இல்லாதபோது புதுக் கட்டடத்தால் நோயாளிக்கு ஆவது கொஞ்சம். மாதாமாதம் மருந்து வாங்கும் பொறுப்பை நாடு முழுவதற்கும் எந்த அறக்கட்டளையாலும் சுமக்க முடியாது. இலவச மருத்துவம் என்று சொல்லும் அரசு, தீர்ந்த மருந்தை வெளியே வாங்கச் சொல்லிச் சிட்டை எழுதிக் கொடுத்தால், அந்தச் செலவு ஏழையின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே, அடுத்த நன்கொடைக்கு ஒரு நிபந்தனை போடுங்கள். பராமரிப்புப் பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படுகிறது, இயந்திரம் ஆண்டில் எத்தனை நாள் இயங்கியது, நோயாளி எத்தனை வாரம் காத்திருந்தார் என்பதை சுகாதார அமைச்சு மூன்று மொழிகளிலும் ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். அந்த உறுதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.