குண்டுவீச்சுக் கணக்கில் விடுபட்டவர்கள்

1941 டிசம்பர் 8-ஆம் தேதி அலோர் ஸ்டார் விமானத் தளத்தின்மீது ஜப்பானியர் நடாத்திய குண்டுவீச்சைப்பற்றி எழுதுவோர் பெரிதும் சார்ந்து நிற்பது, 1948-இல் லண்டன் கெஜட்டில் வெளியான விமானப்படைத் தளபதி மால்ட்பியின் அறிக்கையையேயாம். தோல்வியைத் தோல்வியென்றே கூறும் அறிக்கை அது. வடமலாயாவில் காலையில் ஆயத்தமாயிருந்த 110 விமானங்களில் அந்தியில் போருக்குதவுவன 50-தான் என்னும் உண்மையை அது மூடிவைக்கவில்லை. ஆயினும், ஒரு தாக்குதலின் விளைவை எரிந்த விமானங்களைக்கொண்டு அளந்து முடித்துவிடலாகுமா என்பதே நாம் கேட்பது.

எது எரியாமல் விடப்பட்டது என்பதும் கணக்கில் சேரவேண்டும். ஓடுபாதையைப் பிளக்கும் பெருங்குண்டுகளை ஒதுக்கி, விமானங்களையும் ஆட்களையும் அழிக்கும் சிறு குண்டுகளையே ஜப்பானியர் பெரிதும் பிரயோகித்தனர். தளம் பின்னர்த் தமக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. மறுநாளே பிரிட்டிஷ் விமானப்படை அலோர் ஸ்டாரைக் கைவிட்டது. போகிறவர்களே மூட்டிய தீயின் புகையை ஜித்ராவில் நின்ற சிப்பாய்கள் கண்டனர். எந்தத் தளத்தைக் காக்க அவர்கள் சேற்றில் நிறுத்தப்பட்டார்களோ, அதுவே எரிந்துகொண்டிருந்தது! டிசம்பர் 13-க்குள் ஜித்ரா வீழ்ந்ததற்கு இம்மனமுறிவும் ஒரு காரணமென்றே நாம் கொள்கிறோம். மனமுறிவை எந்தப் பட்டியலில் எழுதுவது?

தாக்கினவர் கணக்கையும் அப்படியே நம்புதல் கூடாது. இலக்கைத் தாக்கியதாகப் பதிவான பிரிட்டிஷ் விமானங்களில் மூன்றில் ஒன்றே அதற்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் சென்றது என்று, 1941 ஆகஸ்டில் புகைப்படங்களை ஆராய்ந்த பட் என்பவர் காட்டினார்.

பினாங்கின் கதை இன்னும் கொடியது. டிசம்பர் 11-ஆம் தேதி, விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்ட ஜனங்கள்மீதே குண்டுகள் விழுந்தன. 16-ஆம் தேதி இரவு ஐரோப்பியர் மாத்திரம் கப்பலேற்றப்பட்டனர். மறுநாள் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் சரவணமுத்து. துரைமார்மீது ஜனங்கள் வைத்திருந்த நம்பிக்கை அன்றைக்கே தகர்ந்தது. குண்டுவீச்சின் மிகப் பெரிய விளைவு அதுதான்.

தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் சம்பள நாளன்று சண்டை வரும். தளபதியின் ஏட்டிலோ, லயங்களில் இருந்தவர்களுக்கு இடமே இல்லை. அந்த டிசம்பரில் ஜப்பானியருக்குத் திறந்த வழியே, 1943 முதல் தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதில் சென்று முடிந்தது. திரும்பாதவர்களின் பெயர்களைத் தோட்டந்தோட்டமாகச் சேர்த்த பிறகே அலோர் ஸ்டார் குண்டுவீச்சின் சேதத்தைக் கணக்கிடத் தொடங்கலாம்.