பாரிமுனைக்கு அந்தப் பக்கம்

ஊரிலிருந்து மச்சினர் குடும்பம் வந்தால் என்ன காட்டுவீர்கள்? மெரினா, எழும்பூர் மியூசியம், மிஞ்சிப்போனால் கோட்டை. டூர் வேனும் அதோடு திரும்பிவிடும். வடசென்னை என்றால் நமக்கு சினிமாவில் அரிவாள் தூக்குகிற இடம், அவ்வளவுதான்.

அடுத்த தடவை பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்கள். முதலில் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. 1853-ல் பம்பாயில் முதல் ரயில் புறப்பட்டதே, அந்த போரி பந்தர் ஸ்டேஷன் கட்டடம் இப்போது இல்லை. ராயபுரம் இருக்கிறது. அடுத்து திருவொற்றியூர். தியாகராஜர் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல் விமானம்.

கடைசியாக எண்ணூரில் இறங்கி, முகத்துவாரக்குப்பத்துக்கு ஆட்டோ பிடியுங்கள். கொசஸ்தலையாறு கடலில் சேருமிடம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து படகு, வலை எல்லாம் கறுத்துப்போச்சு. மீனவர்களே வாளியில் அள்ளினார்கள்.

எழும்பூரில் அமராவதிச் சிற்பங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், சந்தோஷம். அந்தக் கறுத்த வலை ஒன்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். அதுவும் இந்த ஊர்ச் சரித்திரம்தானே? வைக்கிறவரை, நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.