ஏழாவதாகக் களமிறங்கிய ஆச்சி

மனோரமா என்றதும் எண்ணிக்கைதான் முதலில் முன்னே வந்து நிற்கிறது. ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். கடைசிக் கணக்கு 1,500-ஐத் தொடும் என்பார்கள். எத்தனை ஆட்டம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், எப்படி ஆடினார் என்பது விட்டுப்போகும். அவர் இறங்கிய இடத்தைப் பாருங்கள். ஒருநாள் கிரிக்கெட்டில் ஏழாவதாக இறங்குபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஐந்தாறு ஓவர். நின்று நிதானிக்க நேரமில்லை, முதல் பந்திலிருந்தே ரன் வேண்டும். மனோரமாவுக்குப் படத்துக்குப் படம் கிடைத்தது அந்த ஐந்தாறு ஓவர்தான். கதை நாயகனுக்கு, பாட்டும் கண்ணீரும் நாயகிக்கு. மிச்சமிருந்த நாலைந்து காட்சிகளில் அவர் ஆட்டத்தையே தன் பக்கம் திருப்பினார்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி வரும்போது, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்கிறவன் கட்டியக்காரன். அவன் கேட்டால்தான் ராஜா தன்னைச் சொல்ல முடியும். காவலாளி, தோழி, ஊர்க்காரன் எல்லாம் அவனே. நடுச்சாமத்தில் கூட்டம் கண்ணயர்கிறதா என்று பார்த்து, பேச்சை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் பொறுப்பு. வேஷம் சின்னது, பாரம் பெரியது. பெண்களுக்கு அந்தக் களத்தில் இடமே இல்லாதிருந்த காலத்தில், சினிமாத் திரையில் அந்தப் பாரத்தைச் சுமந்த பெண் மனோரமா. அதனால்தான் நம் கிராமங்களில் அவரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

1937-இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, பிழைப்புக்காகத் தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்தவர். 'ஆச்சி' என்ற பட்டம் அந்த மண் கொடுத்தது. சிறு வயதிலேயே மேடை ஏறி, எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் தேறினார். ஒலிபெருக்கி சரியாக இல்லாத கொட்டகையிலும் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேர வேண்டும், பாடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நாடகக் கம்பெனிகளின் பயிற்சி. அந்தக் கம்பெனி மரபுக்கு வித்திட்ட சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் கண்மூடியது நம் புதுச்சேரியில்தான், கருவடிக்குப்பத்தில் அடக்கமாகியிருக்கிறார். ஆச்சியின் குரலில் கேட்கும் துல்லியம் அந்த வழியில் வந்தது.

1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில் திரைக்கு வந்தார், அதுவும் நகைச்சுவைக்கு. 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. அந்த வரிசை தொடரவில்லை; பழையபடி ஏழாவது இடம்.

1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று எதிரே நிற்பவர்கள் எல்லோரும் மலைகள். ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக ஆச்சி அவர்களோடு வேகத்தில் மோதவில்லை. பேச்சை இழுக்கிறார். நாயனத்தைப் பற்றிக் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில் ஒவ்வொரு சொல்லையும் மென்று மெதுவாக விடுகிறார். சிவாஜி ஏற்ற சண்முகசுந்தரம் முறைத்துக்கொண்டே இருக்கும் ஆள். அவரைச் சிரிக்கவைக்கும் பொறுப்பு இவருடையது. சிவாஜியே இவருக்காகக் காத்திருந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளத்தைத் தன் கையில் வாங்குவது என்றால் இதுதான்.

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) இதற்கு நேர் எதிர். வேலைக்காரி கண்ணம்மா, கத்திப் பேசும் கிஷ்முவை ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டு அடக்குகிறார். சொல் அதேதான். ஆனால் ஒரு தடவை எதிராளி மூச்சு வாங்கும்போது விழுகிறது, மறு தடவை அவர் வாக்கியத்தின் நடுவிலேயே வெட்டுகிறது, அடுத்த தடவை தணிந்த குரலில் வருகிறது. எந்த இடைவெளியில் அடிக்க வேண்டும் என்று தெரிந்த கை. என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த காட்சி இது. ஜில் ஜில்லையும் இதற்கு அடுத்துதான் வைப்பேன்.

வட்டார வழக்கு தனிப் பலம். 'பொம்மலாட்ட'த்தில் மெட்ராஸ் பாஷையில் சொந்தக் குரலில் பாடினார். 'சின்ன கவுண்ட'ரில் கொங்கு ஆத்தாவாகத் துருத்திய பல்லோடு வந்தார். பல்லை மறந்துவிட்டு, பேச்சைக் கேட்டே அந்த ஊர்க்காரி என்று நம்பிவிடுகிறோம். 'நடிகன்' (1990) படத்தில் ஐம்பதைத் தாண்டிய வயதில், கிழவர் வேஷம் போட்ட சத்யராஜ் மேல் காதல்கொள்ளும் முதிர்கன்னி. கொஞ்சம் பிசகினாலும் அந்த வயதுப் பெண்ணைக் கேலி செய்வதாகப் போயிருக்கும். அவர் அந்த வெட்கத்தை மெய்யாகவே பட்டார். அதனால் சிரிக்கிறோம், கூடவே அவளுக்காக வருந்துகிறோம்.

குறையும் இருந்தது. தொண்ணூறுகளில் அம்மா வேஷம் குவிந்தபோது, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் ஒரே காட்சியைப் பல படங்களில் எழுதிவைத்தார்கள். குரல் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். நான் இதில் இயக்குநர்களைத்தான் சொல்வேன். இடைவெளியில் அடிக்கத் தெரிந்தவருக்கு இடைவெளியே கொடுக்காமல் எழுதினார்கள். அதே தாய்மையைப் பார்த்திபனின் 'புதிய பாதை' (1989) சரியாகக் கேட்டது, சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது வந்தது. பத்மஸ்ரீ 2002-இல். 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார்.

சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. பாகூரிலும் வில்லியனூரிலும் கட்டியக்காரன் வேஷம் கட்டும் கலைஞர்களை அங்கே அழைத்து, மாணவர்களோடு உட்காரவைத்து, கண்ணம்மா காட்சியை முதலில் சத்தமில்லாமலும் பிறகு படமில்லாமல் சத்தத்தை மட்டும் வைத்தும் போட்டுக் காட்ட வேண்டும். எந்த இடத்தில் எதற்காக அந்தச் சொல் விழுகிறது என்பதைப் பேராசிரியர்களைவிட அந்தக் கூத்துக்காரர்கள் நன்றாக விளக்குவார்கள்.