கட்டிப்பிடிக்காதே, கை குலுக்கு!

எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ‘சோவியத் நாடு’ பத்திரிகை ஞாபகம் இருக்கும். படித்தோமோ இல்லையோ, அந்த வழவழ தாளைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போட்டோம். அந்தக் காலத்து சோஷலிச நாட்டுப் படங்களில் அடிக்கடி பார்க்கிற ஒரு காட்சி உண்டு. விமான நிலையத்தில் இரண்டு தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ‘சகோதர நாடுகளாம்’.

சகோதரர்கள் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தரணுமா? அண்ணன் தம்பிக்கு நம்மூரில் இன்னொரு பெயர் பங்காளி. வரப்புத் தகராறு வருவதும் அங்கேதான்.

சோவியத் யூனியனும் சீனாவும் அப்படிப்பட்ட பங்காளிகள். இரண்டும் சோஷலிச நாடுகள். நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வரப்பு. இவர்களுடைய உச்சி மாநாடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். உறவு கொண்டாடிய சந்திப்புகள் கசப்பில் முடிந்தன. உறவு கொண்டாடாத சந்திப்புகள்தான் உருப்பட்டன.

1949 டிசம்பரில் மாவோ ரயிலேறி மாஸ்கோ போனார். அவர் சீனாவை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. ஸ்டாலினுக்கு எழுபதாவது பிறந்தநாள் விழா. விழா முடிந்தது, ஆனால் பேச்சு நகரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பங்களாவில் தங்கவைத்து, நாள்கணக்கில் காத்திருக்க விட்டார்கள். சாப்பிடவும் தூங்கவும் கக்கூஸ் போகவுமா என்னை வரவழைத்தீர்கள் என்று மாவோ எரிந்து விழுந்தார். கடைசியில் 1950 பிப்ரவரி 14 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு சதவிகித வட்டிக்கு 30 கோடி டாலர் கடனும் கிடைத்தது. காத்திருந்த அவமானம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அடுத்து 1958. பசிபிக் கடலில் இரு நாடுகளும் சேர்ந்து நீர்மூழ்கிக் கப்பல் படை வைக்கலாம் என்று மாஸ்கோ யோசனை சொன்னது. ‘எங்கள் கடற்கரையை உங்களிடம் எழுதிக் கொடுக்கணுமா?’ என்கிற ரீதியில் கொதித்துப் போனார் மாவோ. சமாதானம் செய்ய ஜூலை 31 அன்று குருஷேவ் ரகசியமாக பெய்ஜிங் வந்து இறங்கினார். மாவோ அவரை எங்கே வைத்துப் பேசினார் தெரியுமா? நீச்சல் குளத்தில்! மாவோ யாங்ட்ஸி நதியையே நீந்திக் கடந்தவர். குருஷேவுக்கோ நீச்சல் சரியாக வராது. மிதவையைக் கட்டிக்கொண்டு தத்தளித்தார். மொழிபெயர்ப்பாளர்கள் குளத்தின் ஓரமாகவே நடந்து நடந்து பேச்சை எடுத்துக் கொடுத்தார்கள்.

சந்திப்பு முடிந்ததும் கூட்டறிக்கை வந்தது. எல்லாவற்றிலும் முழு ஒற்றுமையாம். சண்டைக்குக் காரணமான கப்பல் படை பற்றி அதில் மூச்சே இல்லை. இருபதே நாளில், ஆகஸ்ட் 23 அன்று, தைவான் வசமிருந்த கெமோய் தீவின்மீது சீனா குண்டு மழை பொழிந்தது. வந்து போன விருந்தாளியிடம் மாவோ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மறு வருஷம் சீனப் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு குருஷேவ் மீண்டும் வந்தார். இந்தத் தடவை சண்டையில் நாமும் இருந்தோம். இந்திய எல்லையில் நடந்த லோங்ஜு மோதலில் நீங்கள் ஏன் எங்கள் பக்கம் நிற்கவில்லை என்று சீனர்கள் கேட்டார்கள். திபெத்தைக் கோட்டை விட்டது உங்கள் தப்பு என்று குருஷேவ் திருப்பிக் கொடுத்தார். வெளியே மேடையில் இருவரும் சிரித்த முகமாக நின்று அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இப்படி? சுபாவம், கௌரவம், எல்லாம் உண்டுதான். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. நாடுகளுக்குள் பகையை மூட்டுவது முதலாளித்துவம் என்பது அவர்களுடைய சித்தாந்தம். அப்படியானால் இரண்டு தொழிலாளி வர்க்க அரசுகளுக்குள் தகராறு வரவே கூடாது. மீறி வந்துவிட்டால்? இருவரில் ஒருவர் துரோகியாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவோடு பேசும்போது, ‘எனக்கு இது வேணும், உனக்கு அது வேணும்’ என்று பேரம் பேசலாம். தோழரோடு அப்படிப் பேச வார்த்தையே கிடையாது. கடன் தகராறும் கப்பல் தகராறும் கொள்கைத் துரோகமாக மாறிப்போகும்.

அந்த உறவால் பலனே இல்லை என்று சொல்லமாட்டேன். 156 பெரிய தொழில் திட்டங்கள் சோவியத் உதவியோடு சீனாவில் ஆரம்பமாயின. ஆனால் 1960 ஜூலையில் கோபம் முற்றியபோது, அங்கே வேலை பார்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிபுணர்களை மாஸ்கோ ஒரேயடியாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. சீனாவில் கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்த பஞ்சம் தலைவிரித்தாடிய நேரம் அது. பஞ்சத்துக்குக் காரணம் மாவோவின் கொள்கைதான், சந்தேகமில்லை. ஆனாலும் அண்ணன் கதவைச் சாத்தியது அந்த வேளையில்தான்.

ஒன்பது வருஷம் கழித்து வரப்பிலேயே ரத்தம் சிந்தியது. 1969 மார்ச் 2 அன்று உசூரி நதியில் ஒரு குட்டித் தீவுக்காகத் துப்பாக்கி வெடித்தது. சோவியத் தரப்பில் மட்டும் அன்றைக்கு முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். பிரதமர் கோசிகின் பெய்ஜிங்குக்கு போன் போட்டார். திருத்தல்வாதிக்கு லைன் தர முடியாது என்று ஆபரேட்டரே மறுத்துவிட்டார்! இரண்டு பக்கமும் அணுகுண்டு வைத்திருந்த நாடுகள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த செப்டம்பரில் ஹோ சி மின் இறுதிச் சடங்குக்காக ஹனோய் போயிருந்தார் கோசிகின். திரும்பும் வழியில் சோவியத் மத்திய ஆசியாவரை வந்துவிட்ட பிறகுதான், சந்திக்கலாம் என்று சீனா சம்மதித்த தகவல் கிடைத்தது. விமானத்தைத் திருப்பிக்கொண்டு பெய்ஜிங் போனார். செப்டம்பர் 11. சூ என்லாய் அவரை ஊருக்குள்கூட அழைத்துப் போகவில்லை. விமான நிலையத்திலேயே உட்கார்ந்து மூன்றரை மணி நேரம் பேசினார்கள். விருந்துமில்லை, விழாவுமில்லை. எல்லையில் இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும், சுட வேண்டாம், பேசுவோம். அவ்வளவுதான் பேச்சின் சாரம். அடுத்த மாதமே எல்லைப் பேச்சுவார்த்தை தொடங்கியது. இழுபறியோ இழுபறிதான். ஆனால் எல்லோரும் பயந்த அந்தப் பெரிய யுத்தம் வரவில்லை.

இந்தப் பாடம் டெங் ஷியாவ்பிங்குக்குப் புரிந்திருந்தது. 1989 மே மாதம் கோர்பசேவ் வந்தபோது, கை குலுக்கல் மட்டும், கட்டிப்பிடித்தல் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, இரண்டு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். சரியாக இரண்டு வருஷத்தில், 1991 மே 16 அன்று, எல்லையின் கிழக்குப் பகுதிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2004-ல் மிச்சமிருந்த தீவுகளையும் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

டெங்கைப் புகழ்ந்துவிட்டு நிறுத்த முடியாது. கோர்பசேவுக்கு தியானன்மென் சதுக்கத்தில் வரவேற்பு தர முடியாமல் விமான நிலையத்திலேயே சடங்கை முடித்தார்கள். காரணம், சதுக்கம் முழுக்க மாணவர்கள். முப்பது வருஷப் பகையாளியிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவருக்கு, சொந்தப் பிள்ளைகளிடம் பேசத் தெரியவில்லை. மூன்றே வாரத்தில் பெய்ஜிங் தெருக்களுக்கு ராணுவத்தை அனுப்பினார்.

இனி எந்த இரண்டு தலைவர்களாவது டி.வி.யில் கட்டிப்பிடித்து, ‘எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை’ என்று அறிக்கை விட்டால் கைதட்ட அவசரப்படாதீர்கள். அறிக்கையில் எது இல்லை என்று தேடுங்கள். வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறவர்கள் பேசித் தீர்ப்பார்கள். இல்லவே இல்லை என்று சாதிக்கிறவர்களின் எல்லையில்தான், பாவம், ஏதோ ஒரு சிப்பாய் சாகிறான்.